வள்ளி ஔவையான கதை

1

கே.பி. சுந்தராம்பாளைப் பற்றி நம்மிடம் இரண்டு விதமான பேச்சுதான் இருக்கிறது. ஒன்று பக்திமலர்க்காரர்களின் பேச்சு. கொடுமுடியில் பிறந்த ஏழைப் பெண், ரயிலில் பாடிப் பிழைத்தவள், மேடைக்கு வந்தாள், கணவனைப் பறிகொடுத்தாள், முருகன் ஆட்கொண்டான். இன்னொன்று நம்முடைய பேச்சு. "அதா, அந்தம்மாவா, பக்திப் படம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவோம். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் எதிரெதிர். ஆனால் ஓரிடத்தில் கச்சிதமாகக் கைகோத்துக்கொள்கின்றன. சுந்தராம்பாள் பக்திக்குப் போனதில் விளக்க வேண்டியது எதுவுமில்லை என்று இரண்டு தரப்புமே நம்புகின்றன. ஒருவருக்கு அது அருள், இன்னொருவருக்கு அது பிற்போக்கு. ஏன், எப்படி, யார் வழிவிட்டதால் என்ற கேள்விகளை இரு தரப்பும் கேட்கவில்லை.

எனக்கு அந்தக் கேள்விகள் வேண்டியிருக்கின்றன. இரவு முழுக்க ஜனங்களைச் சிரிக்க வைத்த ஒரு மேடைக்காரி சாமிப் பாட்டுக்காரியாக மாறுவது ஒரு தனிமனுஷியின் மனமாற்றம் மட்டும் ஆகாது. எந்தப் பெண் எந்த மேடையில் எந்தக் குரலில் நிற்கலாம் என்று ஒரு சமூகம் போட்டுவைத்திருக்கும் கணக்கு அதில் தெரிகிறது. கொங்குநாட்டிலிருந்து புறப்பட்ட இந்த ஒரு வாழ்க்கையை அந்தக் கணக்கின் பிரதியாக வாசித்துப் பார்க்கலாம் என்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

2

"சிரிக்க வைத்த மேடைக்காரியா, சுந்தராம்பாளா?" என்று சிலர் புருவத்தைத் தூக்கக்கூடும். வெள்ளைப்புடவையும் திருநீறுமாக ஒரு பாட்டியம்மாவைத்தானே நமக்குத் தெரியும். அந்தப் பிம்பத்துக்கு முன்னால் ஒரு பெண் இருந்தாள். அவள் பெயர் வள்ளி.

சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' ஸ்பெஷல் நாடக மேடையின் உயிர். ஸ்பெஷல் நாடகத்தின் ஏற்பாட்டைத் தெரிந்துகொண்டால்தான் வள்ளி யார் என்பது விளங்கும். அதில் நிரந்தரக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவார், பபூன் வேறெங்கிருந்தோ வருவார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பேச்சு, தனித்தனியாகப் பணம். ஒத்திகை இல்லை. கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். மற்றதெல்லாம் அன்றைய மேடையில் வருவதுதான். ஆகவே இரண்டு பேர் மேடையில் எதிரெதிரே நின்றால் அது நிஜமாகவே போட்டி. அதற்குத் 'தர்க்கம்' என்று பெயர்.

வள்ளி தினைப்புனம் காக்கிறாள். கவண் கையில். ஆலோலம் பாடிக் கிளி விரட்டுகிறாள். வேடனாக ஒருவன் வந்து வழிமறிக்கிறான். அவன் சாமி என்பது கூட்டத்துக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் அவளுடைய சுதந்திரம். அவனை அவள் கேலி பேசலாம், மடக்கலாம், குலத்தைக் கேட்கலாம், வயதைக் கேட்கலாம், போடா என்று துரத்தலாம். கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்டு விக்கி நிற்கும்போது கூட்டம் குலுங்கும். தமிழ்ச் சமூகத்தில் ஒரு பெண் ஆயிரம் பேருக்கு முன்னால் நின்று தெய்வத்தைச் சொல்லால் அடித்து, அடித்ததற்குக் கைதட்டலும் வாங்கிய இடம் இது ஒன்றுதான் என்று சொன்னால் மிகையாக இருக்கலாம். இதைவிடப் பெரிய இடம் ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்த வள்ளி சுந்தராம்பாள். எதிரே வேலனாக நின்றவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. 1926இல் கொழும்பில் இருவரும் சேர்ந்து மேடையேறினார்கள். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 18, கிட்டப்பாவுக்கு 20. மேடையில் தொடங்கிய தர்க்கம் வாழ்க்கையிலும் தொடர்ந்தது. இணைந்தார்கள், பிணங்கினார்கள், பிரிந்தார்கள், மறுபடி ஒரே மேடையில் பாடினார்கள். கிட்டப்பா பிராமணர், அவருக்கு ஏற்கெனவே வீட்டில் மனைவி இருந்தார். இந்த இரண்டு தகவலையும் இங்கே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

அந்த வாய்ச்சண்டை நமக்குக் கிடைக்கவில்லை. இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான். பாட்டு அதில் அடங்கும். விடிய விடிய நீளும் தர்க்கம் அடங்காது. ஆகவே வள்ளியின் பாட்டு சேமிக்கப்பட்டது, வள்ளியின் வாய் சேமிக்கப்படவில்லை. பிற்பாடு சுந்தராம்பாளை வெறும் 'குரல்' என்று நாம் நினைத்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

3

1933 டிசம்பர் 2. கிட்டப்பா இறந்துபோனார். 27 வயது. சுந்தராம்பாளுக்கு 25. அன்றிலிருந்து வெள்ளைப்புடவை. இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சங்கல்பம்.

இந்த வெள்ளைப்புடவையைப் பதிவிரதத்தின் அடையாளமாகக் கொண்டாடிக் கொண்டாடியே அதை வாசிக்காமல் விட்டுவிட்டோம். யார் வெள்ளை உடுத்த முடியும்? மனைவி என்று ஊர் ஒப்புக்கொண்டவள்தான் கைம்பெண் ஆக முடியும். நாடகக்காரியை, அதுவும் இன்னொருத்தி கணவனோடு சாதி தாண்டி வாழ்ந்தவளை, மனைவி என்று சொல்ல அந்த ஊருக்கு மனசு இருந்திருக்காது. சுந்தராம்பாள் யாரையும் கேட்கவில்லை. வெள்ளையை உடுத்திக்கொண்டு வந்து நின்றார். மனைவி என்ற இடம் வாழும்போது கிடைக்காதவர், கைம்பெண் என்ற கோலத்தின் வழியாக அந்த இடத்தைக் கைப்பற்றினார் என்று நான் வாசிக்கிறேன். ஒடுக்குமுறையின் உடையையே உரிமைப் பத்திரமாக மாற்றிக்கொண்ட காரியம் இது. ஆனால் அந்தப் பத்திரத்துக்கு விலை இருந்தது. அவருக்குள் இருந்த வள்ளியைத்தான் விலையாகக் கொடுத்தார்.

ஸ்பெஷல் நாடக நடிகையின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் களங்கத்தைப் பற்றி சூசன் சைசர் 2005இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். களங்கத்தின் காரணம் எளிது. மேடையில் அவள் பல ஆண்களோடு, பல ஆண்களுக்கு முன்னால், பேசுகிறாள், சிரிக்கிறாள். பாடுவதைவிடப் பேசுவதும் சிரிப்பதும்தான் குற்றம். பாட்டை மன்னித்துவிடலாம், எதிர்ப்பேச்சை மன்னிக்க முடியாது. வெள்ளைப்புடவை அந்தக் குற்றத்தை ஒரே நாளில் கழுவிவிட்டது. கழுவிய கையோடு தர்க்கத்தையும் கொண்டுபோய்விட்டது.

4

இனி அவர் ஏற்ற பாத்திரங்களை ஒரே வரிசையில் நிறுத்திப் பாருங்கள்.

1935, 'பக்த நந்தனார்'. நந்தனாக சுந்தராம்பாள். ஆண் வேஷம். லட்ச ரூபாய் சம்பளம். அவரை அடக்கி வேலை வாங்கும் வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1940, 'மணிமேகலை'. துறவி. 1953, ஜெமினியின் 'ஔவையார்'. இளமையே வேண்டாம் என்று பிள்ளையாரிடம் கேட்டு முதுமையை வாங்கிக்கொண்டவள். 1964, 'பூம்புகார்'. சமணத் துறவி கவுந்தியடிகள். 1965, 'திருவிளையாடல்'. மறுபடி ஔவை. 1967, 'கந்தன் கருணை'. மறுபடி ஔவை. 1973, 'காரைக்கால் அம்மையார்'. அழகை உதறிப் பேயுரு கேட்டு வாங்கியவள்.

தற்செயலாக இப்படி ஒரு வரிசை அமையுமா? ஒருவர் ஆண், இருவர் துறவிகள், ஒருத்தி கிழவி, ஒருத்தி பேய். பெண்ணுடம்பைக் கழற்றி வைத்தவர்கள் மட்டுமே இந்தப் பட்டியலில் இடம்பெற முடிகிறது. 'ஔவையா'ரில் இளம்பெண்ணாக வருபவர் குசலகுமாரி. 'காரைக்கால் அம்மையா'ரில் இளம் புனிதவதியாக வருபவர் லட்சுமி. இரண்டு படத்திலும் உடம்பு போன பிறகுதான் சுந்தராம்பாள் திரைக்கு வருகிறார். திரைக்கதையே அவருக்காக ஒரு வாசலைக் கட்டுகிறது. அந்த வாசலில் இளமையை விட்டுவிட்டுத்தான் உள்ளே வரலாம்.

இன்னொன்று. வள்ளியும் ஔவையும் ஒரே சாமியோடு பேசுகிறவர்கள். தினைப்புனத்தில் வேடனாக வந்தவன்தான் நாவல் மரத்தின் மேல் மாட்டுக்காரப் பையனாக உட்கார்ந்திருக்கிறான். சுட்ட பழமா சுடாத பழமா என்று கேட்டு ஔவையை மடக்குகிறான். மண் ஒட்டிய பழத்தை அவள் ஊதும்போது சிரிக்கிறான். கவனியுங்கள்: வள்ளி கதையில் முருகனைப் பார்த்துப் பெண் சிரிக்கிறாள், ஔவை கதையில் பெண்ணைப் பார்த்து முருகன் சிரிக்கிறான். தர்க்கத்தில் அன்று கேள்வி கேட்டவள் இவள். 'கந்தன் கருணை'யில் கேள்வி கேட்பவன் அவன். இவள் கைகூப்பிப் பதில் பாடுகிறாள். ஒரே நடிகை, ஒரே சாமி, நாற்பது வருஷ இடைவெளி. சிரிக்கும் உரிமை மட்டும் பக்கம் மாறிவிட்டது.

இதைத்தான் நாம் 'பக்தி' என்ற ஒரே சொல்லில் மூடி வைத்திருக்கிறோம்.

5

இது மதவாதிகளின் வேலை என்று சொல்லித் தப்பித்துவிட முடியாது. இந்த இடத்தில்தான் நம்மைப் போன்றவர்களுக்குச் சங்கடம்.

கிட்டப்பாவுக்குப் பிறகு அவரைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சத்தியமூர்த்தி. காங்கிரஸ் மேடைகளில் சுந்தராம்பாள் தேசபக்திப் பாட்டுப் பாடினார். தேசிய இயக்கத்துக்கு நாடகக்காரர்கள் தேவைப்பட்டார்கள். தியடோர் பாஸ்கரன் அந்த வரலாற்றை விரிவாகவே எழுதியிருக்கிறார். ஆனால் தேசிய இயக்கம் கேட்டது வெள்ளைப்புடவைச் சுந்தராம்பாளைத்தான். 1950களில் சட்ட மேலவை உறுப்பினராகவும் ஆனார். மேலவையில் தர்க்கம் செய்ய வேண்டிய நாற்காலி ஒரு முன்னாள் வள்ளிக்குக் கிடைத்தது என்று நாம் மகிழலாம். ஆனால் அவர் பெயரைச் சொன்னால் சட்டமன்றம் யார் நினைவுக்கும் வருவதில்லை, திருநீறுதான் வருகிறது.

திராவிட இயக்கம்? 'பூம்புகா'ருக்குத் திரைக்கதை எழுதியவர் மு. கருணாநிதி. பகுத்தறிவு பேசிய பேனாவும் சுந்தராம்பாள் கையில் கொடுத்தது ஒரு துறவியின் வேஷத்தைத்தான். காங்கிரசுக்கு அவர் தியாகி, ஜெமினிக்கு அவர் ஔவை, தி.மு.க. எழுத்தாளருக்கு அவர் கவுந்தி. கட்சி மாறியது, கொள்கை மாறியது, புடவை மட்டும் மாறவே இல்லை.

ஆண்களுக்கு இந்தக் கணக்கு வேறு. நான் இருப்பது உக்கடத்தில். விடிந்தால் இங்கே தெருவில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. டீக்கடையில் நாகூர் ஹனிபா, ஆடி மாசம் என்றால் அம்மன் கோயில் குழாயில் சுந்தராம்பாள், ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு மாடியிலிருந்து இயேசு பாட்டு. ஹனிபா இஸ்லாமியப் பாட்டும் பாடினார், தி.மு.க. மேடையில் கட்சிப் பாட்டும் பாடினார். 2015இல் இறக்கும்வரை இரண்டும் அவருடையவையாகவே இருந்தன. ஒன்றுக்காக மற்றதை விடு என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

இன்னொரு ஆண். 1969இல் கோவைக்காரர் சின்னப்பா தேவர் எடுத்த 'துணைவன்'. சுந்தராம்பாளுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது வாங்கித் தந்த படம். அதில் முருக பக்தனாக உருகி நடித்த கதாநாயகன் ஏ.வி.எம். ராஜன் பிற்காலத்தில் கிறிஸ்தவ நற்செய்திப் பணிக்குப் போனார். மேட்டுப்பாளையத்தில் பிறந்து, 2025 பிப்ரவரியில் மறைந்த அவருடைய மனைவி நடிகை புஷ்பலதாவும் அதே வழியில் சென்றார். சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. ராஜன் நாயகனாக நடித்தபோதும் நற்செய்தி சொன்னபோதும் தான் நிற்கும் இடத்தைத் தானே மாற்றிக்கொண்டார். முருகனிலிருந்து இயேசுவுக்குப் போனது அவருடைய வரலாற்றில் ஒரு 'முடிவு' என்று எழுதப்படுகிறது. சுந்தராம்பாள் விஷயத்தில் அது 'விதி' என்று எழுதப்படுகிறது.

இந்தக் கணக்கு தமிழுக்கு மட்டும் சொந்தமா என்று பார்க்க, ஒரு அமெரிக்கப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். லூலூ ரோமன். 1946இல் பிறந்தவர், டெக்சாசில் அனாதை இல்லத்தில் வளர்ந்தவர். 1969இல் தொடங்கிய 'ஹீ ஹா' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நகைச்சுவைக்காரி. நாட்டுப்புற இசையும் பட்டிக்காட்டுக் கேலியும் கலந்த நிகழ்ச்சி அது. அவருடைய பெருத்த உடம்பும் அங்கே சிரிப்புக்கான சரக்குதான். போதைப் பழக்கத்தில் விழுந்தார், நிகழ்ச்சியிலிருந்து வெளியேற வேண்டிவந்தது, கிறிஸ்தவ விசுவாசத்தில் மீண்டார், 1973இல் அதே நிகழ்ச்சிக்குத் திரும்பினார். பிறகு சுவிசேஷப் பாடகியாகப் பெயரெடுத்தார். 2025 ஏப்ரலில் இறந்தார். சிரிப்புக்கு வைக்கப்பட்டிருந்த உடம்பிலிருந்து ஒரு குரலை வெளியே எடுத்துக் கொடுத்தது மதப்பாட்டு என்ற அளவில் அவரும் சுந்தராம்பாளும் அக்கா தங்கைகள். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். லூலூ சாமிப் பாட்டுக்குப் போன பிறகும் கேலி நாடகத்தை விடவில்லை. ஒரே வாயால் சிரிக்க வைக்கவும் செய்தார், தேவனைப் பாடவும் செய்தார். அவர் மேல் விழுந்த சிரிப்பு எத்தனை வலித்தது என்பது தனிக் கதை. இருந்தாலும் அவருக்குக் கதவு இரண்டும் திறந்திருந்தன. நம் ஊரில் ஒரு கதவைத் திறக்க இன்னொன்றைச் சாத்த வேண்டியிருந்தது.

நம் சினிமாவில் சிரித்த பெண்ணே இல்லையா? டி.ஏ. மதுரம் இருந்தார். ஆனால் பக்கத்தில் என்.எஸ்.கே. இருந்தார். கணவனோடு சேர்ந்து சிரிக்கும் பெண்ணுக்கு அனுமதி உண்டு. தனியாக நின்று சாமியையே கேலி செய்யும் பெண்ணுக்கு அது கிடையாது.

6

"அந்தம்மா உண்மையிலேயே பக்தியாத்தானே இருந்தாங்க, நீங்க ஏன் அதைப் போட்டுக் கிளறறீங்க?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவருடைய பக்தியில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அதை முகமூடி என்றோ பிழைப்பு என்றோ நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் விமர்சனத்துக்கு மக்களின் நம்பிக்கை மேல் ஓர் இளக்காரம் இருக்கிறது. அதனால்தான் மக்களும் நம் விமர்சனத்தைச் சீண்டுவதில்லை. எங்கள் பக்கத்துக் கிழவிகள் சுந்தராம்பாள் பாட்டைக் கேட்டுக் கண் கலங்கும்போது அதில் முருகன் மட்டுமா இருக்கிறான்? இருபத்தைந்து வயதில் வெள்ளை உடுத்திய ஒரு பொம்பளை அம்பது வருஷம் யாருக்கும் தலைகுனியாமல் நின்று பாடினாள் என்பதும் இருக்கிறது. வீட்டுக்குள் முடங்கிப்போன எத்தனையோ கைம்பெண்களுக்கு, அதே கோலத்தில் லட்ச ரூபாய் வாங்கியவள் ஒரு ஆறுதல்.

என் வாதம் வேறு. நம்பிக்கை அவருடையது, அந்த நம்பிக்கைக்கு மட்டும்தான் மேடை உண்டு என்று வைத்த ஏற்பாடு சமூகத்தினுடையது. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால், ஒன்று அவரை ஏமாளி ஆக்குவோம், இல்லை என்றால் ஏற்பாட்டைத் தெய்வ சித்தம் ஆக்குவோம்.

ஏற்பாடு முழுசாக ஜெயித்துவிடவும் இல்லை. சுந்தராம்பாளின் குரலைக் கவனமாகக் கேட்கும் யாருக்கும் இது தெரியும். மைக் இல்லாத காலத்துத் தொண்டை அது. கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று உச்சக் கட்டையில் பழகிய தொண்டை. பக்திப் பாட்டுக்கு நாம் எதிர்பார்க்கும் குழைவு அதில் குறைவு. சாமியைக் கெஞ்சுகிற இடத்தில்கூட அது கூப்பிடுகிறது. தூரத்தில் நிற்கும் ஒருவனை அதட்டிக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுகிறது. தினைப்புனத்தில் பறவை விரட்டிய கூவல் அது. 'திருவிளையாட'லில் கோபித்துக்கொண்டு மலையேறிய பையனைச் சமாதானம் செய்ய ஔவை வருகிறாள். சொல் சமாதானம் பேசுகிறது. தொனி வாக்குவாதம் செய்கிறது. பாத்திரத்திலிருந்து வள்ளியை நீக்க முடிந்தது. தொண்டையிலிருந்து நீக்க முடியவில்லை.

அவரை ஒதுக்காமல் திரும்பக் கேட்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். பக்திப் பாட்டு என்று முத்திரை குத்திய ஒலிக்குள் ஓர் எதிர்ப்பேச்சு புதைந்து கிடக்கிறது. அதைத் தோண்டி எடுப்பது விமர்சகனின் வேலை. பக்திமலர்க்காரர்கள் அதைச் செய்ய மாட்டார்கள்.

7

கடைசியாக நம் மேடைகளைப் பற்றி. 1980இல் சுந்தராம்பாள் இறந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ கலை இரவுகள், பண்பாட்டு மாநாடுகள், வீதி நாடகங்கள் நடத்திவிட்டோம். பெண்ணைப் பாட அழைக்கிறோம். என்ன பாடச் சொல்கிறோம்? ஒப்பாரி. தியாகிகளுக்கு அஞ்சலி. மகனை இழந்த தாயின் பாட்டு. துயரம் பாடும் பெண்ணை நம் மேடை உடனே ஏற்றுக்கொள்கிறது, கண்ணீர் விடுகிறது, கைதட்டுகிறது. நையாண்டி என்று வந்தால் மைக் தோழர்கள் கைக்குப் போய்விடுகிறது. சாமியை அல்ல, தலைவரைக் கேலி செய்து ஒரு பெண் ஒரு மணி நேரம் தர்க்கம் நடத்த நம்மில் எந்த அமைப்பு மேடை கொடுத்திருக்கிறது? நாமும் நம் பெண்களுக்கு வெள்ளைப்புடவைதான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கரை மட்டும் சிவப்பு.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்' இன்னும் நடக்கிறது. இன்னும் வள்ளி அங்கே வாய் திறந்து பேசுகிறாள். இன்னும் அதற்காகவே அவளுக்கு வாடகை வீடு கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. அவளுடைய பாட்டை மட்டும் பதிவு செய்துகொண்டு திரும்பும் ஆய்வாளர்கள், அந்தப் பழைய மூன்று நிமிஷ இசைத்தட்டின் வேலையைத்தான் மறுபடி செய்கிறார்கள். பதிவு செய்ய வேண்டியது தர்க்கத்தை. வேலன் கேட்டதற்கு அவள் சட்டென்று என்ன பதில் சொன்னாள், கூட்டம் எந்த இடத்தில் சிரித்தது, எந்த இடத்தில் முகம் சுளித்தது என்பதை. இந்த வேலையைச் செய்ய நினைக்கும் நண்பர்கள் சேர்ந்துகொள்ளலாம். அடுத்த பங்குனிக்குள் ஆரம்பித்துவிட வேண்டும்.